முளைக்கத் தொடங்கும் கணம்



பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஆடு மாடு வளர்ப்பவர்களிடம் துள்ளுமாரி, சப்பை நோய், அடைப்பான் என்று சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. இந்த மூன்று நோய்களையும் உண்டாக்கும் பாக்டீரியாக்கள், உறங்கும் வித்துகளான அகவித்துகளாக (எண்டோஸ்போர்) மாறி மண்ணில் கிடக்க வல்லவை. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமியின் அகவித்தை 1876இல் ராபர்ட் கோக் விவரித்தார். அது எவ்வளவு தாங்கும் என்பதையே நெடுங்காலம் பேசினோம். அது எப்போது, எதனால் விழிக்கிறது என்பதுதான் இந்தக் கருத்தரங்கின் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அகவித்தின் மையப் பகுதியில் நீர் மிகக் குறைவு. கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் இணைந்த உப்பு அங்கே செறிந்திருக்கிறது. உலர் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதுவே. கேடில்லாத பேசிலஸ் சப்டிலிஸின் அகவித்துகளில் எல்-அலனின் என்ற அமினோ அமிலத்தின் கரைசலைச் சேர்த்து, கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். பளிச்சென்று ஒளிர்ந்தவை ஒவ்வொன்றாகக் கருத்துப்போகும். ஒன்று சில நிமிடங்களில் கருக்கும். பக்கத்திலேயே இன்னொன்று மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். கருக்கும் அந்த இடைவெளியில் பொட்டாசியம் வெளியேறுகிறது, பிறகு கால்சியம் உப்பு கொட்டுகிறது, நீர் உள்ளே பாய்கிறது, சுற்றியுள்ள புறணியை நொதிகள் கரைக்கின்றன. அத்துடன் வெப்பத்தைத் தாங்கும் வலு போய்விடுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை.

2022இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் குரோல் சுயெல் குழுவினர் காட்டியது என்னை வியக்க வைத்தது. உணவு ஒரு கணம் வந்து நின்றால் அகவித்து விழிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தன் பொட்டாசியத்தில் கொஞ்சத்தை விடுகிறது. அந்த இழப்பு ஓர் அளவைத் தாண்டும்போதுதான் முளைக்கிறது. உயிர்ச்செயல் அடங்கிக் கிடக்கும் ஒன்று, வந்துபோன உணவைக் கணக்கு வைத்திருக்கிறது!

நம் அடுப்படிக்கும் இதில் பங்குண்டு. காய்ச்சிய பாலை அடுப்பு மேடையிலேயே விட்டுவிடுகிறோம். மற்ற கிருமிகள் செத்தாலும் பேசிலஸ் சீரியஸின் அகவித்துகள் பிழைக்கும். பட்ட சூடே அவற்றை முளைக்கத் தூண்டவும் செய்யும். இதே இயல்பை ஜான் டிண்டால் 1877இல் அகவித்துகளை ஒழிக்கும் வழியாக்கினார்: கொதிக்கவைத்து, முளைக்கவிட்டு, அடுத்த நாள் மீண்டும் கொதிக்கவைத்தார்.

நம் மண்ணுக்கே உரிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. அடைப்பானில் இறந்த மாட்டை அறுக்கக் கூடாது. காற்றுப் பட்டால் கிருமி அகவித்தாகும். இறந்த மாட்டைச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது வழக்கம். ஆனால் கால்சியம் மிகுந்த, காரத்தன்மையுள்ள மண்ணில் அந்த அகவித்துகள் நீடிப்பதாகச் சொல்லும் ஆய்வாளர்கள், அந்தச் சுண்ணாம்பே அவற்றைக் காக்கக்கூடும் என்று எச்சரிக்கிறார்கள். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை நாம் ஆராயாமல் வேறு யார் ஆராய்வது? அடைப்பான் கிருமியைத் தொட வேண்டியதே இல்லை. சப்டிலிஸ் போதும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்பு மண்ணிலும் வேப்பந்தட்டைக் கரிசலிலும் அதன் அகவித்துகளை இட்டு, எதில் எத்தனை முளைக்கின்றன என்று மாணவர்கள் எண்ணத் தொடங்கலாம். முதல் அமர்வில் பேசுவோர் அதற்கான ஆய்வுமுறையை வகுத்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.