முப்பது இடங்களின் கணக்கு

(மூலக்குளத்தில் நடைபெற்ற வாக்காளர் விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இங்கே வரும் வழியில் ஒரு சகோதரர் என்னை நிறுத்தி, "ஓட்டுக் கேட்க வந்தீர்களா?" என்றார். இல்லை என்றேன். "பிறகு எதற்கு இந்தக் கூட்டம்?" என்றார். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் உங்கள் எல்லோருக்கும் சொல்லப் போகிறேன். இது யாருக்கு ஓட்டுப் போடுவது என்ற பேச்சல்ல. நம் ஓட்டின் எடை என்ன என்ற பேச்சு.

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதி என்றால் இரண்டரை லட்சம், மூன்று லட்சம் வாக்காளர்கள். நம் புதுச்சேரியில் 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் மொத்த வாக்காளர்களே சுமார் பத்து லட்சம். அதை முப்பதால் வகுத்துப் பாருங்கள். தொகுதிக்கு முப்பத்து மூவாயிரம் பேர்! அங்கே ஒரு வார்டில் இருப்பவர்கள் இங்கே ஒரு தொகுதி. நாலு தெரு சேர்ந்தால் சட்டமன்ற உறுப்பினரை மாற்றிவிடலாம். நாலு தெருவின் பெயர்கள் பட்டியலில் இல்லாமல் போனாலும் மாறிவிடும். இதை நாம் யோசித்திருக்கிறோமா?

முதலில் பழைய கதை கொஞ்சம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த உழவர்கரை, பிரெஞ்சுக்காரன் 1880இல் கம்யூன்களை அமைத்தபோதே ஒரு கம்யூன். பிரிட்டிஷ் இந்தியாவில் சாமானியன் ஓட்டு என்ற சொல்லையே கேட்டிராத காலத்தில் இங்கே தேர்தல் நடந்தது. கேட்பதற்குப் பெருமையாக இருக்கிறது அல்லவா? அந்தத் தேர்தலின் லட்சணத்தையும் கேளுங்கள். 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்தார்கள். கையளவு ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல். ஊர் வழக்கச் சட்டத்தையும் மதத் தனியார் சட்டத்தையும் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களுக்கு இரண்டாவது பட்டியல். மீதியுள்ள அத்தனை இந்தியருக்கும் மூன்றாவது.

இரண்டாவது பட்டியலைச் சற்று நிறுத்திப் பாருங்கள். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தன் தனியார் சட்டத்தை எழுத்து மூலம் துறந்தவனுக்கே அந்தத் தகுதி. சாதிக் கொடுமையிலிருந்து விடுபட அந்த வழியைத் தேர்ந்தவர்கள் பலர். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது ஒரு விடுதலை. ஆனால் திருமணத்தையும் வாரிசுரிமையையும் ஷரீஅத்படி நடத்த விரும்பிய ஒரு முஸ்லிம், எத்தனை படித்திருந்தாலும், எத்தனை வரி கட்டியிருந்தாலும் மூன்றாவது பட்டியல்தான். பட்டியல் என்பது வெறும் காகிதம் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

பின்பு 1954. அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். ஆக ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர்! எல்லோரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும். முடிவு சரியான முடிவுதான், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனாலும் இத்தனை லட்சம் மக்களின் எதிர்காலத்தை 178 கைகள் எழுதின என்பதை மறக்கக் கூடாது. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூலை முதல் தேதி எதுவார் குபேர் முதல் முதலமைச்சரானார்.

சகோதரர்களே, 1967ஐ நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் காரைக்காலில் பிறந்த எம்.ஓ.எச். ஃபாரூக் முதலமைச்சரானார். வயது 29. இந்தியாவிலேயே அவ்வளவு இளம் வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர் அதுவரை யாருமில்லை. 1969இல் திமுக சார்பில் மீண்டும் வந்தார், 1985இல் காங்கிரஸ் சார்பில் மூன்றாம் முறை. பிறகு நாடாளுமன்றம், மத்திய இணையமைச்சர், சவூதி அரேபியாவுக்குத் தூதர், ஜார்க்கண்டுக்கும் கேரளாவுக்கும் ஆளுநர். 2012இல் காலமானார். 2011 கணக்கெடுப்பின்படி புதுவையில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஆறு பேர். ஆறு பேரின் ஓட்டால் மட்டும் அவர் மூன்று முறை முதலமைச்சராகவில்லை. மீதித் தொண்ணூற்று நாலு பேரின் நம்பிக்கையையும் பெற்றார். கட்சி மாறினார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு, அது வேறு விவாதம். நம் மேடைகளில் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோமே தவிர, அவர் எப்படி ஜெயித்தார் என்று படிக்கிறோமா?

சின்னச் சபையில் ஒவ்வொரு இடமும் எப்படிக் கனக்கிறது என்பதற்கு 1974 ஒரு பாடம். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்தது 1977இல். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, இந்தியாவின் முதல் அதிமுக ஆட்சி இங்கே எஸ். ராமசாமி தலைமையில் அமைந்தது. மார்ச் 6இல் பதவியேற்பு, மார்ச் 28இல் ஆட்சி முடிந்தது! வாழ்த்து மாலை வாடுவதற்குள் வீட்டுக்குப் போனார்கள். காரணம், கூட்டணியோடு சேர்த்தும் பாதி இடம் கையில் இல்லை. 1977இல் திரும்பி வந்த அதே கட்சி 1980இல் ஒரு இடம்கூடப் பெறவில்லை. 1979 ஜனவரியில் புதுவையைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போகிறார்கள் என்று கேட்டதும் ஊரே தெருவுக்கு வந்ததே, அதன் விளைவு. இந்த மக்களுக்குக் கோபம் வந்தால் பட்டியலையே துடைத்துவிடுவார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

முப்பது பேர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். ஆனால் 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டப்படி மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம். 2017 ஜூலையில் மத்திய அரசு, மாநில அமைச்சரவையைக் கேட்காமலே பாஜகவைச் சேர்ந்த மூவரை நியமித்தது. வழக்கு நடந்தது. 2018 டிசம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நியமனம் செல்லும் என்றது. தீர்ப்பு தீர்ப்புதான். அதன் பலனை 2021இல் பார்த்தோம்.

2016இல் காங்கிரசுக்கு 15, திமுகவுக்கு 2. நாராயணசாமி முதலமைச்சர். 2021 தேர்தல் நெருங்கும்போது ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் ராஜினாமா. ஏற்கெனவே ஒருவர் தகுதி நீக்கம். பிப்ரவரி 22ஆம் தேதி சபையில் கணக்கு இதுதான்: ஆளும் பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 12. எதிர்ப்பக்கம் என்.ஆர். காங்கிரஸ் 7, அதிமுக 4, ஆக 11. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் எண்ணினால் 12க்கு 11. நியமன உறுப்பினர் மூவரைச் சேர்த்தால் எதிர்ப்பக்கம் 14. ஆட்சி போயிற்று! அந்த மூவருக்கு இந்தப் புதுவையில் எந்தத் தெருவிலாவது ஒருவர் ஓட்டுப் போட்டாரா? ராஜினாமா செய்தவர்களின் தவறு சிறியதல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓட்டுப் போட்டவனைக் கேட்காமல் போனவர்கள் அவர்கள்.

அடுத்து வந்த 2021 தேர்தலில் உழவர்கரை யாரைத் தேர்ந்தெடுத்தது? எந்தப் பெரிய கட்சியையும் அல்ல, சுயேச்சை வேட்பாளர் எம். சிவசங்கரை. அந்த முறை முப்பதில் ஆறு பேர் சுயேச்சைகள். என்.ஆர். காங்கிரஸ் 10, பாஜக 6, திமுக 6, காங்கிரஸ் 2. பின்பு உழவர்கரை உறுப்பினர் பாஜகவுக்கு ஆதரவு தெரிவித்தார். அது அவர் முடிவு. சுயேச்சைக்கு ஓட்டுப் போடும்போது, ஜெயித்தபின் எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று கேட்டோமா என்பதுதான் நம் பக்கக் கேள்வி. அதே மே மாதம் மத்திய அரசு மீண்டும் மூவரை நியமித்தது. மூவரும் பாஜக. பாஜகவின் ஆறு பேர் பலம் ஒரு கையெழுத்தில் ஒன்பதானது.

நியமனத்தை நாம் தடுக்க முடியாது. அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும், அது டெல்லியில் நடக்க வேண்டிய வேலை. நம் கையில் இருப்பது பட்டியல். 2025 நவம்பரில் தீவிரத் திருத்தம் என்று சொல்லி வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். பலர் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டோம். வளைகுடாவில் இருக்கும் பிள்ளையின் பெயரை யார் எழுதிக் கொடுத்தது? கோட்டக்குப்பத்தில் பெண் கொடுத்தோம். கோட்டக்குப்பம் தமிழ்நாடு, கூப்பிடு தூரம்தான், ஆனால் வேறு பட்டியல். அந்தப் பெண்ணின் பெயர் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை! வில்லியனூர் சுல்தான்பேட்டையிலிருந்து வாடகைக்கு மூலக்குளம் வந்த குடும்பம் இன்னும் பழைய தொகுதியிலேயே இருக்கிறது.

என் தாயாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓட்டுச் சாவடி வரை நடந்து போய், பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு தேடினால் "பாத்திமா பீ" என்பது "பாத்திமா பி" ஆகி, தகப்பனார் பெயர் கணவர் இடத்தில் நிற்கிறது. அதைத் திருத்தாமல் பத்து வருடம் சும்மா இருந்தவன் நான்தான். வெளியே மேடை ஏறிப் பேசிக்கொண்டிருந்தேன்!

புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. இடமாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. ஒருவர் பெயரை நீக்கச் சொல்வது படிவம் 7. அதில் உங்கள் பெயரை யாராவது எழுதியிருந்தால் விசாரணைக்கு நேரில் போய்ப் பதில் சொல்லுங்கள், வீட்டில் இருந்துவிடாதீர்கள். பதினெட்டு வயது ஆனவர்கள் ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் தகுதி நாட்கள்தான்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மூன்று மேஜைகள் போட்டிருக்கிறோம். பாகம் வாரியாகப் பட்டியல் இருக்கிறது. தாய்மார்களுக்குத் தனி மேஜை. உங்கள் தெருப் பெயரைச் சொல்லுங்கள், பிள்ளைகள் தேடித் தருவார்கள். வரிசையில் முதலில் பெரியவர்களை விடுங்கள்.