மேய்ந்த புல்லும் அறுத்த புல்லும்



வடநாட்டில் வாழும் நம்மவருள் பலர், தாஜ்மகாலைக் கண்ட கையோடு பரத்பூருக்கும் சென்று, கேவலாதேவ் பூங்காவின் நீர்ப்பறவைகளைப் பார்த்து மகிழ்ந்திருப்பீர்கள். பறவைகளைப் பற்றி வேறொருவர் பேசட்டும். நான் பேச வந்தது அங்குள்ள புல்லைப் பற்றி. அதற்கு முன் புல்லின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

செடியின் நுனியைக் கிள்ளினால் அதன் வளர்முனை போய்விடுகிறது. புல்லின் வளர்முனையோ மண்ணை ஒட்டித் தூரிலேயே அடங்கியிருக்கிறது. கதிர் தள்ளும் பருவத்தில்தான் தண்டோடு மேலே எழும்பும். ஆகவே அதற்கு முன் தழையை மேய்ந்தாலும் அறுத்தாலும் புல் சாவதில்லை. அடியில் வெளிச்சம் படவே, உறங்கிக் கிடந்த முளைகள் விழித்துப் புதிதாகத் தூர் கட்டும்.

ஆயினும் தழைதான் புல்லின் அடுக்களை. அதை அடியோடு இழந்தால் வேர் பட்டினி கிடக்கும். அமெரிக்க ஆய்வாளர் கிரைடர் 1955இல் வெளியிட்ட சோதனைகளில், தழையில் 80 விழுக்காட்டை ஒரே முறையில் நீக்கியபோது வேர்கள் 12 நாள் வளராமல் நின்றன. அந்த ஓய்வு முடியுமுன் மறுபடியும் மேய விட்டால் வேர் குறுகும். அடுத்த கோடையைத் தாங்காது. மாடு தொடாத களைகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். காங்கயம், தாராபுரம் வட்டாரத்துக் குடியானவர்கள் இதை நூல் படித்து அறிந்தவர்களல்லர். கொறங்காடுகளைக் கிளுவை வேலியால் பிரித்து, ஒன்றில் கொழுக்கட்டைப்புல் மேய்ந்ததும் மாடுகளை அடுத்ததற்கு மாற்றிவிடுகிறார்கள்.

அறுப்பதும் மேய்வதும் ஒன்றல்ல. அரிவாள் நல்லது கெட்டது பாராமல் ஒரே மட்டமாக அறுக்கிறது. கட்டிச் சுமந்து போகும் புல்லோடு மண்ணின் சத்தும் வெளியேறுகிறது. மாடு தேர்ந்து மேய்கிறது, மிதிக்கிறது, சாணமும் கோமியமும் இட்டுச் செல்கிறது. எருமைக்கு இன்னொரு தகுதியும் உண்டு. நீரில் இறங்கி நின்று மேயும்.

இனிப் பரத்பூருக்கு வருவோம். சுற்றுப்புறக் கிராமங்களின் எருமைகளும் மாடுகளும் பல தலைமுறைகளாக அச்சதுப்பில் மேய்ந்து வந்தன. 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. வாழ்வு பறிபோன மக்கள் கிளர்ந்தெழ, காவலர் துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தார் சிலர் உயிரிழந்தனர். இத்துணை விலை கொடுத்துப் பெற்ற பயன் யாது? பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல், தன்னைத் தின்பாரின்றிக் கொழுத்துப் படர்ந்து, ஆழமற்ற நீர்ப்பரப்பைப் பாய்போல் மூடிற்று. வாத்துகள் நீந்தவும் இரை தேடவும் வேண்டிய திறந்த நீர் சுருங்கியது. 1980 முதல் 10 ஆண்டுகள் அங்கே ஆராய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், எருமைகளின் மேய்ச்சலே இப்புல்லை அடக்கி வைத்திருந்தது என்று கண்டனர்.

ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய இடமில்லை. எனவே கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துச் செல்ல இசைவு தரப்பட்டது. அவர்கள் மாட்டுக்குத் தீனி கிடைத்தது. அந்த அளவில் அது நியாயமே. எனினும் நீருள் கணுதோறும் வேர்விட்டுப் படரும் புல்லை அரிவாளால் எவ்வளவு அறுக்க முடியும்? மேலே அறுத்துச் செல்ல, சேற்றில் எஞ்சிய ஒவ்வொரு கணுவிலிருந்தும் அது மறுபடி தழைக்கிறது. நாள் முழுதும் நீரில் நின்று கூலியின்றி அவ்வேலையைச் செய்து வந்தவை வேலிக்கு வெளியே நிற்கின்றன.