தோழியின் கதை



சங்க அகப்பாடல்களில் அதிகம் பேசுகிறவர்களுள் ஒருத்தி தோழி. தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. தலைவனோடு அவள் வாதாடுவாள், இரவுக்குறிக்கு வழிசெய்வாள், ஊராரின் அலருக்கு அஞ்சுவாள், வீட்டாரிடம் உண்மையைப் பக்குவமாக எடுத்துரைப்பாள். குறுந்தொகையின் 401 பாடல்களில் கணிசமானவை அவள் கூற்றுத்தான். ஆனால் தன் விருப்பம் இன்னதென்று அவள் சொல்லக் கேட்பது அரிது.

அந்தத் தோழியின் மனதை நான் ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்தில் கண்டேன். செலின் சியாமா என்ற பெண் இயக்குநரின் முதற்படம் அது. 2007இல் வெளிவந்து, அவ்வாண்டே முதற்படத்துக்கான லூயி டெலுக் பரிசை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் இதற்கு 'நீரல்லிகள்' என்று மென்மையான பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு மூலத்தில் தலைப்பு 'எட்டுக்கால் கணவாய்களின் பிறப்பு'. கதை நிகழ்வது பாரிசுக்கு அண்மையிலுள்ள செர்ஜி என்ற புதுநகரில்; இயக்குநர் வளர்ந்த இடமும் அதுவே. ஒரு கோடைகாலம், ஒரு நீச்சல் தடாகம், பதினைந்து வயதை ஒட்டிய மூன்று பெண்பிள்ளைகள். பெரியவர்கள் கண்ணில் படுவது மிகக் குறைவு.

நடன நீச்சல் குழுவின் தலைவி புளோரியான். மெலிந்த உடம்புக்காரி மரி அவளிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். புளோரியானோ தன் காதலனைச் சந்திக்கப் போகும்போது, வீட்டாருக்குச் சாட்டுச் சொல்வதற்காக மரியைக் கூட்டிப்போகிறாள். நம் தோழி செய்த அதே வேலை. காத்து நிற்பவளின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று இந்தப் படம் கேட்கிறது.

சிரிப்பும் உண்டு, கசப்புக் கலந்த சிரிப்பு. புளோரியான் வீட்டுக் குப்பையை எடுத்துவந்து, அவள் கடித்தெறிந்த அப்பிளை மரி தின்கிறாள். மரியின் பழைய சிநேகிதி ஆன், சற்றுப் பருத்தவள், தன் மார்புக்கச்சைத் தோட்டத்தில் குழிதோண்டிப் புதைக்கிறாள். சிரித்து முடிக்குமுன் நமக்கு நெஞ்சு கனக்கிறது.

எங்கள் திருகோணமலையில் இந்தப் பருவத்துக்குச் சாமத்தியச் சடங்கு வைக்கிறோம். படங்களில் பட்டுடுத்திய பிள்ளை நடுவில் இருப்பாள். ஓரத்தில் தட்டு ஏந்தி நிற்கும் சிநேகிதியை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை. நேற்றுவரை இருவரும் கடற்கரை மணலில் ஒன்றாக ஓடித் திரிந்தவர்கள். "பெரிய பிள்ளை, இனி அங்கே போகாதே" என்ற ஒரு சொல்லோடு அது முடிகிறது. சடங்குச் செலவை எழுதிவைக்கும் வீட்டில் இந்த இழப்பு எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை.

நடன நீச்சலில் நீருக்கு மேலே தெரிவது சிரித்த முகங்கள். கமரா நீருக்குள் இறங்கும்போது, அந்த முகங்களைத் தாங்குவதற்குக் கால்கள் படும் பாடு தெரிகிறது. எங்கள் உட்துறைமுகமும் மேலே பார்த்தால் குளம்போல அசையாமல்தான் கிடக்கும். அதன் ஆழம் கப்பல்காரருக்குத் தெரியும். வகுப்பில் அடக்கமாக அமர்ந்திருக்கும் பெண்பிள்ளைகளைக் காணும்போது எனக்கு அந்தக் கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

படத்தின் முடிவில் புளோரியான் தனியே ஆடிக்கொண்டிருக்கிறாள். மரியும் ஆனும் உடுத்த உடையோடு தடாகத்தில் குதித்து, மல்லாந்து மிதக்கிறார்கள். இருவர் காதலும் கைகூடவில்லை. மிஞ்சியது பழைய சிநேகிதம்.

தாய்மாரே, உங்கள் மகளின் மதிப்பெண்ணைக் கேட்கிறீர்கள். அவளுடைய சிநேகிதியைப் பற்றியும் ஒருநாள் கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகலாம்; பொறுத்திருந்து கேளுங்கள்.