முதிய தாய்மாரும் நம் இல்லங்களும்

(ஜூபிலி விழாவையொட்டிப் பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் மறைந்த முன்னோருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும் நாம், இன்னும் நம் திண்ணைகளில் அமர்ந்திருக்கும் முதிய தாய்மாரின் நிலையையும் சற்று எண்ணிப் பார்ப்போமாக.

ஆண்கள் ஏரிக்கும் கடலுக்கும் போனார்கள். கொண்டுவந்த மீனைக் காசாக்கி அடுப்பெரிய வைத்தவர்கள் பெண்கள். தலையில் கூடை இருந்தவரை வீட்டில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பிருந்தது. முழங்கால் தேய்ந்து கூடையை இறக்கி வைத்ததும் பல வீடுகளில் மதிப்பும் இறங்கிவிடுகிறது.

கொடுமை என்றவுடன் அடி உதையையே நினைக்கிறோம். பெரும்பாலும் அடி கடைசியில்தான் வருகிறது. முதலில் உதவித்தொகை எடுக்கும் அட்டை பேரன் கைக்குப் போகிறது. பிறகு வீட்டுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கப்படுகிறது. சோறு நேரம் தவறுகிறது. கண் வைத்தியம் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போகிறது. குடித்துவிட்டு வரும் மகன் பணம் கேட்கிறான். இல்லை என்றதும் கை ஓங்குகிறான். ஆகவே கை ஓங்கும்வரை காத்திராமல், முதற் படியிலேயே நாம் தடுக்க வேண்டும்.

இது நம் குப்பத்துக்கு மட்டும் உரிய குறை அன்று. 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆயினும் தாய்மார் வாய் திறப்பதில்லை. "பெற்ற பிள்ளையை நானே காட்டிக் கொடுப்பதா?" என்கிறார்கள். அடிபட்ட மருமகளுக்குத் தாய்வீடாவது உண்டு. முதியவள் எங்கே போவாள்?

சட்டம் அவளுக்குத் துணை நிற்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டுமன்று, தாய்க்கும் மாமியாருக்கும் பாதுகாப்பளிக்கிறது. அவளை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாதென உத்தரவு பெறலாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பிள்ளைகளிடம் மாதந்தோறும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். கவனித்துக் கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கியவர் பின்பு கைவிட்டால், அப்பத்திரத்தையே ரத்துச் செய்ய வழியுண்டு. ஆனால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுவது நல்லது. முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181 என்ற தொலைபேசி எண்களும் உள்ளன.

ஆனால் பொன்னேரிக்குப் போகும் முன்பே நாம் செய்யக்கூடியவை பல. ஏரியில் சண்டை வராதிருக்க, யார் எந்நாளில் எங்கே வலை போடுவது என்று பாடு முறை வகுத்தவர்கள் நம் முன்னோர். மீனுக்கு முறை வகுத்த ஊரில், தாய்க்குச் சோறிடும் முறையில் மட்டும் அண்ணன் தம்பிக்குள் ஏன் வழக்கு? பாடு ஆண்மக்கள் பெயரில் நடக்கிறது. ஊர்க் கூட்டத்திலும் ஆண்களே பேசுகிறார்கள். முதியவளின் முறையீட்டை "வீட்டு விஷயம்" என்று திருப்பியனுப்பாமல், அவளையே அழைத்து, மகன் எதிரில் இல்லாதபோது கேட்கும்படி ஊர்ப் பெரியவர்களை வேண்டுகிறோம்.

மாதர் சங்கத்தார் வாரம் ஒரு முறை ஒவ்வொரு முதியவளையும் தனியே கண்டு பேசட்டும். "சாப்பிட்டீர்களா பாட்டி? உதவித்தொகை உங்கள் கைக்கு வந்ததா?" என்ற இரண்டு கேள்விகளே பலவற்றை வெளிக் கொணரும். படுத்த படுக்கையாயிருப்பவரை இரவும் பகலும் ஒரே மருமகள் பார்ப்பது எளிதன்று. அவளுக்கு அரை நாள் ஓய்வு கொடுக்க அண்டை வீட்டார் முன்வரட்டும். சலிப்பு முற்றினால் அதுவும் கொடுமையாக மாறும்.

பெற்றோருக்குத் தரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குரிய காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக் கொண்டவர்களை நம் ஆண்டவர் கண்டித்தார். ஜூபிலி வரியை முழுதாகக் கட்டிவிட்டு, தாயின் மருந்துக்குக் காசில்லை என்று சொல்லும் வீடு நம் பங்கில் இருக்கலாகாது. அப்படி ஒரு வீடு இருந்தால், அந்த வரி முதலில் தாயின் மருந்துக்கே போகட்டும், கோவில் காத்திருக்கும்.