பல்லின் வேலையை வாங்கிக்கொண்ட கல்

மூளை பெருத்தது, அறிவு வளர்ந்தது, அதன்பின் கருவி பிறந்தது என்ற வரிசையிலேயே மனிதனின் கதையைச் சொல்லிப் பழகிவிட்டோம். 1964-இல் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கின் எலும்புகளுக்கு லூயிஸ் லீக்கி குழுவினர் ‘ஹோமோ ஹாபிலிஸ்’, அதாவது கைத்திறன் கொண்ட மனிதன், என்று பெயர் சூட்டியதிலும் கருவி நம் பேரினத்துக்கே உரியது என்ற எண்ணம் இருந்தது. கென்யாவின் துர்க்கானா ஏரியை அடுத்த லொமேக்வியில் கிடைத்த கற்கள் அந்த வரிசையைக் கலைத்துவிட்டன. 2015-இல் வெளியான ஆய்வின்படி அவற்றின் வயது 33 லட்சம் ஆண்டு. ஹோமோ பேரினத்தின் மிகப் பழைய தாடையெலும்புக்கோ வயது 28 லட்சம்தான். முதலில் கல்லுடைத்த கை, சிறிய மூளை கொண்ட மூதாதையுடையது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. கருவி வந்த பிறகே நம் உடல் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது என்பதே இவ்வுரையின் வாதம்.

உருண்டைக் கல் ஒன்றை ஒரு கையில் பிடித்து, அதன் விளிம்பு கூர்ங்கோணமாக அமைந்த இடத்தில், ஓரத்துக்குச் சற்று உள்ளே மறு கைக் கல்லால் ஓங்கித் தட்டினால் மெல்லிய சில்லு ஒன்று தெறிக்கும். அதன் விளிம்பு நீர்யானையின் தோலையும் அறுக்கும். பச்சை இறைச்சி நார்த்தன்மையுடையது. நம் கடைவாய்ப் பல்லால் அதை எளிதில் அறுக்க முடியாது. உணவில் மூன்றில் ஒரு பங்கு இறைச்சியாக இருந்து, அதை நறுக்கியும் கிழங்கை இடித்தும் தின்றால், மெல்லும் தடவைகள் 17 சதவீதமும் மெல்லும் விசை 26 சதவீதமும் குறையும் என்று 2016-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அறுப்பதும் இடிப்பதும் கல்லின் பொறுப்பான பின், சிறிய பல்லோடு பிறந்த பிள்ளையும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நம் பேரினத்தில் பின்னர் வந்த ஹோமோ எரக்டஸின் உடல் பெருத்தும் பல் சிறுத்திருப்பதன் காரணம் இங்கே புலப்படுகிறது. சமையல் நெருப்பு வழக்கமானதற்குத் தெளிவான சான்று நெடுங்காலம் கழித்தே கிடைப்பதால், இந்த மாற்றத்தை நெருப்பின் கணக்கில் எழுதுவது கடினம்.

மறுப்புகள் இரண்டு உண்டு. பிரேசிலின் கபுச்சின் குரங்குகள் கல்லோடு கல்லை மோதும்போதும் இத்தகைய சில்லுகள் தெறிக்கின்றனவே என்பது முதலாவது. ஆனால் அக்குரங்குகள் சில்லை எடுத்து எதையும் அறுப்பதில்லை. கருவியாவது தெறித்த சில்லன்று, அதன் விளிம்பைத் தேடும் தேவை. இரண்டாவது மறுப்பு வலுவானது. கென்யாவின் நியாயங்காவில் 26 லட்சம் ஆண்டுக்கும் முற்பட்ட கருவிகளுடன், வெட்டுக்காயம் பட்ட நீர்யானை எலும்புகளும், நம் பேரினத்தைச் சேராத, பெரும்பல் கொண்ட பாரந்த்ரோபஸின் கடைவாய்ப் பற்களும் கிடைத்துள்ளன. கருவி பல்லைச் சிறுக்கச் செய்யுமானால் இந்தப் பற்கள் ஏன் பெரியவை? ஓரிடத்தில் பல் கிடைத்ததனாலேயே கருவியும் அவருடையது என்று ஆகிவிடாது. அப்படியே வைத்துக்கொண்டாலும், கல் வழியைத் திறந்துவிடுமேயன்றி யாரையும் அதில் தள்ளாது. தலைமுறை தலைமுறையாகக் கல்லை நம்பி வாழ்ந்த கிளையின் தாடையே இளைத்தது.

அந்த நம்பிக்கையின் பலனைத் தமிழகத்திலும் காணலாம். சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்தில் அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. புதிய நிலத்துக்கு வந்தவர் அங்குள்ள உணவுக்கேற்பப் புதிய பல் முளைக்கும்வரை காத்திருக்கவில்லை. ஆற்றுப்படுகையில் கிடந்த கல்லை எடுத்து உடைத்தார்.