பொங்கலுக்கு வீடு மணக்க ஒரு கொத்து போதும்

பொங்கல் வந்தாச்சு. வீடு மணக்கணும்னு ரூம் ஸ்ப்ரே வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க. போன வருஷம் நான் அடிச்ச ஸ்ப்ரேக்கு எங்க அம்மா அன்னைக்குப் பூரா இருமினாங்க. பொங்கல் பொங்கினப்போகூடப் பக்கத்துல நிக்க முடியல.

திண்டுக்கல்காரங்களுக்கு மணம்னாலே நிலக்கோட்டை மல்லிதான். ஆனா மார்கழி, தைப் பனியில விளைச்சல் குறையும், விலை ஏறும். ராத்திரி விரிஞ்சு மணக்குற மொட்டு மறுநாளே வாடிடும்.

அதனால, போகிக்கு வாசல்ல காப்புக் கட்டுவோம்ல? அந்த வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூக் கொத்தோட ரெண்டு கொத்து மரிக்கொழுந்து சேர்த்துக் கட்டுங்க. அதுல வாசனை எண்ணெய் இலையிலேயே இருக்கு, காய்ஞ்சாலும் மணக்கும். வெயில் நேரா படாத இடமா பாருங்க. வெட்டிவேரைச் சின்னச் சின்னக் கட்டா நூல்ல கோத்து ஜன்னல்ல தொங்கவிடுங்க. மணம் குறைஞ்சா தண்ணி தெளிங்க, காத்து வீசுறப்போ மறுபடி மணக்கும்.

இந்த வருஷம் முடிச்சுப் போடுறது அம்மா, ஸ்டூல் மேல ஏறுறது நான். ஸ்ப்ரேக்கு வீட்டுக்குள்ள இடமில்ல. நீங்க என்ன கட்டுனீங்கன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!