துயில் காப்பவரின் துயில்



இரவுப் பணி முடிந்து தாம்பரத்தில் பேருந்து ஏறினால், முடிச்சூர் வருமுன்னரே எனக்குக் கண் செருகிவிடும். படப்பை வந்ததும் நடத்துநர் என்னை எழுப்பிவிட்ட நாட்கள் பல. அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்து மருத்துவருக்குத் துணைநின்ற செவிலி நான். பிறர் துயிலைக் காப்பது என் தொழிலாக இருந்தது. என் துயிலைக் காப்பவர் யார் என்பதே இன்றைய பேச்சு.

அமெரிக்காவில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியரே மயக்க மருந்து கொடுப்பதுண்டு. அங்கே ராச்செஸ்டர் நகரில், மேயோ சகோதரர்களிடம் பணியாற்றிய அலிஸ் மகாவ் என்னும் செவிலி, பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட மயக்க நிகழ்வுகளைப் பற்றி 1906-ல் கட்டுரை வெளியிட்டார். நம் நாட்டில் அப்பொறுப்பு மருத்துவருக்கே உரியது. ஆயினும், விழிப்பு என்பது கூடத்திலுள்ள அனைவருக்கும் பொதுக்கடமை. மயங்கிக் கிடப்பவர் மூச்சு முட்டினாலும் வாய்திறந்து சொல்ல இயலாது. நாடியையும், இரத்த அழுத்தத்தையும், குருதியிலுள்ள பிராணவாயுவின் அளவையும் அவருக்காகப் பிறர் கவனிக்க வேண்டும். பிராணவாயு இன்றி மூளை சில நிமிடங்களே தாங்கும்.

ஒரு முறை இரவு முழுதும் விழித்திருந்தேன். காலையில் எனக்கு மாற்றாக வரவேண்டியவர் வரவில்லை; பணியைத் தொடர்ந்தேன். மருத்துவர் கேட்ட மருந்துக்குப் பதிலாக, தோற்றத்தில் அதனை ஒத்த வேறொரு குப்பியை எடுத்து நீட்டினேன். அவர் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார். நோயாளி நலமாக வீடு திரும்பினார். என் கைநடுக்கம் மட்டும் அன்று மாலை வரை அடங்கவில்லை.

இதனை என் அசட்டை என்று மட்டும் சொல்லிவிடலாமா? சிறு கணக்கொன்று போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஓரிடத்தில் இரவு பகலாக ஒரு செவிலி இருந்தே தீரவேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி உழைத்தால், மூவரால் 144 மணியே ஆகும். எஞ்சிய 24 மணியை யாருடைய உறக்கத்திலிருந்து எடுப்பது? ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், மற்றவரது ஓய்வும் அத்துடன் போயிற்று.

சர்வதேசத் தொழிலாளர் மாநாடு 1977-ல் செவிலியருக்கென வகுத்த பரிந்துரையில், இரு பணிமுறைகளுக்கிடையே 12 மணி நேரமேனும் தொடர்ந்த ஓய்வு வேண்டும் என்றது. அது சலுகையன்று, நோயாளிக்குரிய பாதுகாப்பு. பணிப்பட்டியல் எழுதுவோர் ஓய்வையும் சிகிச்சையின் ஓர் அங்கமாகக் கருத வேண்டுகிறேன்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. இரவுப் பணி முடித்து வரும் பெண்ணிடம் அடுப்பை ஒப்படைக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு, அவளை உறங்கவிடுங்கள். அன்றிரவு முன்பின் அறியாத ஓர் உயிர் அவளது விழிப்பை நம்பிக் கண்மூடப் போகிறது.